மாமனார் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க

உக்காருங்க மாப்பிள்ளை. மாமனார் வாயைத் திறந்தா மாப்பிள்ளை முகம் கோணும்னு ஊர்ல சொல்லுவாக. அதுக்குப் பயந்துதான் இத்தனை காலம் பேசாம இருந்தேன். நீங்க அமெரிக்காவுல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருந்தவரைக்கும் அதுல நான் என்னத்தைச் சொல்ல? இப்ப கதை வேற. ரிட்டயர்டு ஆகி, வீட்டை வித்து, 30 அடி நீள டிரெய்லர் ஒண்ணை வாங்கி, பிக்கப் வண்டிக்குப் பின்னால கொக்கி போட்டு மாட்டி, எம் மகளையும் ஏத்திக்கிட்டு ஊர் ஊராத் திரியிறீக. போதாக்குறைக்கு எனக்கும் விசா எடுத்து இந்த அரிசோனா பொட்டல்ல கொண்டாந்து உக்கார வச்சிட்டீக. பாரம் ஏத்துறது, இழுக்குறது, தண்ணிக்கு அலையுறது, ராத்தங்க இடம் தேடுறது. இது எம் பொழப்பு மாப்பிள்ளை. எங்க சோலிக்குள்ள நீங்களா வந்து விழுந்துட்டீக. இனி நான் பேசுவேன்.

உங்ககிட்ட ஒரே ஒரு கோளாறு. எதையும் முன்னாலதான் பார்க்குறீக. முன்கண்ணாடி பெருசா இருக்கு, மலை தெரியுது, பள்ளத்தாக்கு தெரியுது, போட்டோ எடுக்குறீக. சந்தோசம். ஆனா வண்டிக்காரனுக்கு வர்ற வம்பு அத்தனையும் பின்னாலருந்துதான் வரும். 

முதல்ல பாரம். பருத்தி மூடை ஏத்துன மாட்டுவண்டியில பின்பாரம் ஆயிப்போச்சுன்னா நுகத்தடி மேல எந்திரிச்சு, பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடிப்போனா கழுத்து புண்ணாகும். உங்க டிரெய்லருக்கும் கணக்கு அதேதான். மொத்த எடையில 10லருந்து 15 சதவீதம் முன்னால கொக்கியில உக்காரணும். நீங்க என்ன பண்ணியிருக்கீக? மூணு சைக்கிளையும் பெட்டி பெட்டியா ரிப்பேர் சாமானையும் பின் பம்பர்ல கட்டித் தொங்க விட்டிருக்கீக. சைக்கிள் யாரு ஓட்ட? உங்க முழங்கால் சத்தம் எனக்குப் பின்சீட்டு வரைக்கும் கேக்குது. பின்பாரம் ஆன டிரெய்லர் ஓட்டத்துல வாலை ஆட்டும். ஆட ஆரம்பிச்சதும் பதறிப்போய் வண்டிப் பிரேக்கை மிதிச்சீகன்னா வால் உங்களுக்கு முன்னால வந்து நிக்கும். ஆக்சிலேட்டர்லருந்து காலை மெல்ல எடுத்துட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால அமுக்கணும். அந்தச் சின்னப் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கு. அதுமேல உங்க கறுப்புக் கண்ணாடியை மாட்டி வச்சிருக்கீக. எடுத்துருங்க.

விளம்பரத்துல அந்த பிக்கப் இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருந்தானாம், நம்பி வாங்கிட்டீக. இழுக்குறது வேற, சுமக்குறது வேற. டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆளு, சாமான், கொக்கியில உக்கார்ற பாரம் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் இந்த வண்டி முதுகுல தாங்கும்னு அதுல எழுதியிருக்கும். முக்காவாசிப் பேருக்கு இழுக்குற கணக்கு தீருறதுக்கு முந்தி சுமக்குற கணக்கு தீர்ந்து போகும். அதுல என் எடையும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, எம் மக போடுற சோத்துல வந்ததுக்கு இப்ப நாலு கிலோ கூடத்தான் இருப்பேன். தண்ணித்தொட்டி ரொம்பினா 190 லிட்டரு, அதாவது 190 கிலோ. போற இடத்துல குழாய் இருக்கையில எதுக்கு ரொப்பிக்கிட்டுப் போகணும்? சந்தேகமா இருந்தா லாரிக்காரங்க டீசல் போடுற பெரிய பங்க்குகள்ல கேட் ஸ்கேல்னு எடைமேடை இருக்கு. 1977லருந்து லாரிக்காரன் நம்புற எடை அது. ஏத்தி நிறுத்துனா ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியா சீட்டு குடுத்துருவான். டாக்டர்கிட்ட எடை பார்க்க வெக்கப்படுற மாதிரி அங்கயும் ஒதுங்கிப் போகாதீங்க.

உயரம் தெரியுமா உங்களுக்கு? "பத்து பதினோரு அடி இருக்கும் மாமா"ங்கிறீக. இருக்குமா? வடக்கு கரோலினாவுல டர்ஹாம்னு ஒரு ஊரு. கிரெக்சன் தெரு மேல ரயில் போற பாலம், 1940ல கட்டுனது. உயரம் 11 அடி 8 அங்குலம். இருக்குமுன்னு நினைச்சு வந்த வண்டிகளுக்கெல்லாம் கூரையை உரிச்சு அனுப்பியிருக்கு. முன்னால போர்டு வச்சாக, விளக்கு போட்டாக, உயரமான வண்டி வந்தா சிவப்பு விழுற மாதிரி சிக்னலே வச்சுப் பார்த்தாக. நின்னு, பச்சை விழவும் நேரா போயி இடிச்சாக. கடைசியில 2019ல பாலத்தையே 8 அங்குலம் தூக்குனாக. அதுக்கப்புறமும் இடிச்ச வண்டி உண்டு. கூரை மேல ஏசி பெட்டி தலையைத் தூக்கிக்கிட்டு இருக்கு பாருங்க, அதோட உச்சி வரைக்கும் அளந்து, எழுதி, ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிருங்க. செல்போனுல வழி சொல்ற அந்தம்மாவுக்கு உங்க தலைக்கு மேல என்ன இருக்குன்னு தெரியாது.

டயரைப் பத்திச் சொன்னா "புதுசு மாதிரி இருக்கு மாமா"ங்கிறீக. டிரெய்லர் டயரு தேஞ்சு சாகாது மாப்பிள்ளை, வயசாகிச் சாகும். வருசத்துல பாதி நாள் வெயில்ல ஒரே இடத்துல நிக்குது. மேல பட்டன் பட்டனா அழகா இருக்கும், உள்ள நூல் விட்டுப்போயிருக்கும். டயர் பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கிற எழுத்துக்குக் கடைசியில நாலு எண்ணு இருக்கும். 2319னு இருந்தா 2019ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஆறேழு வருசம் தாண்டுனதை மாத்திருங்க. அந்த எண்ணு சில டயர்ல உள்பக்கமா இருக்கும், குனிஞ்சு படுத்துத்தான் பார்க்கணும். என்னைப் படுக்கச் சொல்லாதீங்க, எந்திரிக்க மாட்டேன். இன்னொண்ணு, டிரெய்லர் டயரு பலதும் மணிக்கு 65 மைலுக்குன்னே செஞ்சது. நேத்து நீங்க 74ல போனீக. நான் பின்சீட்டுல தூங்குறேன்னு நினைச்சீக. தூங்கல, கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

சரி, கக்கூசுக்கு வருவோம். முகத்தைச் சுழிக்காதீங்க. ஓடுற வீட்டுக்கு ஆதாரமே அதுதான்.

இந்த வண்டிக்கு அடியில மூணு தொட்டி. ஒண்ணு நல்ல தண்ணி. ஒண்ணு குளிச்ச, பாத்திரம் கழுவுன தண்ணி. மூணாவது நம்ம மூணு பேரோட சொத்து. முகாமுக்கு வந்து சாக்கடைக் குழாயை மாட்டுனதும் நீங்க மூணாவது தொட்டி மடையைத் திறந்து விட்டுட்டு, "இனிமே கவலையில்ல மாமா, தானாப் போயிரும்"னு கையைத் தட்டுனீக. தானா என்ன போகும்? தண்ணி போயிரும். கெட்டி எங்கயும் போகாது. அடியில தங்கி, காஞ்சு, நாளுக்கு நாள் மேல எழும்பிப் பிரமிடு மாதிரி நிக்கும். அப்புறம் எந்த மருந்து ஊத்துனாலும் எகிப்துக்காரன் வந்தாத்தான் இடிக்க முடியும்.

மடையை மூடி வையுங்க. தண்ணியைக் கஞ்சத்தனம் பண்ணாம ஊத்தச் சொல்லுங்க. மூணுல ரெண்டு பங்காவது ரொம்புன பிறகு ஒரே மூச்சுல திறங்க, வேகத்துல எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போகும். முதல்ல அந்தத் தொட்டி, அது முடிஞ்ச பிறகு குளிச்ச தண்ணித் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணி குழாயைக் கழுவி விட்டுரும். மாத்திச் செஞ்சீகன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, மூக்கு சொல்லும். கையுறை இல்லாமத் தொடாதீங்க. அங்க பக்கத்துல குழாய் கழுவ ஒரு பைப்பு இருக்கும், அதுல குடிதண்ணி பிடிக்கக்கூடாது. எவன் எதைக் கழுவி அதுமேல வச்சானோ.

ஒண்ணு சொல்றேன், இதுல நையாண்டி இல்ல. ஊர்ல இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையா வேற யாரு தலையிலயோ கட்டிட்டு, நம்ம மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்கிப் போனோம். மனுசக் கழிவை மனுசன் அள்ளக்கூடாதுன்னு 1993ல சட்டம் போட்டாக, பத்தாதுன்னு 2013ல மறுபடியும் போட்டாக. இன்னமும் சாக்கடைக் குழிக்குள்ள மனுசன் செத்துக்கிட்டுத்தான் இருக்கான். இங்க பாருங்க, பக்கத்து வண்டியில இருக்கிற பெரியவரு ஜட்ஜா இருந்தவராம். காலையில கையுறையை மாட்டிக்கிட்டு அவரு சொத்தை அவரே வெளியேத்துறாரு. குனிஞ்சு நிமிந்துட்டு எனக்கு "குட் மார்னிங்" வேற சொல்றாரு. இந்த நாட்டுல நான் பார்த்ததுலயே பெரிய காட்சி இதுதான். உங்க பள்ளத்தாக்கெல்லாம் அதுக்கப்புறம்.

பிரமிடுன்னதும் ஞாபகம் வருது. நாம இருக்கிற இந்த குவார்ட்சைட் ஊர் சுடுகாட்டுல நெசமாவே ஒரு பிரமிடு இருக்கு. கல்லால கட்டி, உச்சியில உலோக ஒட்டகம் ஒண்ணை நிறுத்தியிருக்காக. அதுக்குள்ள தூங்குறவரு பேரு ஹாட்ஜி அலி. 1856ல அமெரிக்கப் பட்டாளம் இந்தப் பாலைவனத்துல சாமான் சுமக்க ஒட்டகம் இறக்குமதி பண்ணுச்சு, அதை மேய்க்க ஒட்டமான் நாட்டுலருந்து வந்த மனுசன். இந்த ஊர்க்காரன் வாயில அந்தப் பேரு நுழையல, "ஹை ஜாலி"ன்னு ஆக்கிட்டான். உள்நாட்டுச் சண்டை வந்துச்சு, ஒட்டகத் திட்டம் கைவிட்டுப் போச்சு, ஆளு மட்டும் இங்கயே தங்கி 1902ல கண்ணை மூடிட்டாரு. 1935ல அந்தக் கல்லைக் கட்டுனாக. குளிர்காலத்துல வடக்கேருந்து ஆயிரக்கணக்குல வண்டி வந்து இந்தச் சின்ன ஊரைச் சுத்தி நிக்குதே, அவுகளுக்கெல்லாம் மூத்த வண்டிக்காரரு அவருதான். போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க. அவரு ஒட்டகத்துக்கு மடையும் கிடையாது, குழாயும் கிடையாது.

இந்தப் பொட்டல் சர்க்கார் நிலம். பொதுவா இந்த மாதிரி நிலத்துல 28 நாளைக்குள்ள 14 நாள் சும்மா தங்கலாம், அப்புறம் நகரணும். இங்க லா போசா மாதிரி இடங்கள்ல செப்டம்பர் 15லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மொத்தமா சீட்டு வாங்கித் தங்கலாம். ரொம்ப வருசமா அதுக்கு 180 டாலருதான் இருந்துச்சு. ஏழு மாச வாடகை! கோயில்பட்டியில ஒரு ரூமு இந்த விலைக்குக் கிடைக்காது. ஆனா கரண்டு கிடையாது, தண்ணி நீங்க கொண்டாரணும். வானம் மட்டும் இலவசம்.

கரண்டுன்னா எம் மகளுக்காக ஒண்ணு பேசணும். போன வாரம் முகாம்ல கரண்டு நின்னதும் "உங்க கிரைண்டராலதான்"னு அவ மேல பாய்ஞ்சீக. கிரைண்டர் பாவம், 150 வாட்டு. இந்த வண்டிக்குக் கிடைக்கிறது 30 ஆம்பு, 120 வோல்ட்டு, பெருக்குனா 3,600 வாட்டு. கூரை ஏசி அதுல பாதிக்குக் கிட்ட தின்னுது. நீங்க ஆறுன காபியைச் சூடு பண்ண மைக்ரோவேவைப் போட்டீக, அது ஒரு 1,500. கூடவே கெண்டியில வெந்நீர் போட்டீக, அது ஒரு 1,500. இஞ்சினீயரு நீங்க, கூட்டிப் பாருங்க. ஊர்லருந்து வந்த 230 வோல்ட்டு மிக்சியை மாட்டிட்டு "ஓடவே மாட்டேங்குது"ன்னு அதை அடிச்சதும் நீங்கதான்.

தாளிக்கும்போது அலாரம் அலறுதுன்னு பேட்டரியைக் கழத்தி வச்சீகளே, அதை உடனே மாட்டுங்க. மிளகாய் நெடிக்கு அலறுறது ஒண்ணு, கேசு கசிஞ்சா அலறுறது ஒண்ணு, கார்பன் மோனாக்சைடுக்கு ஒண்ணு. கடைசி ஆளுக்கு நெடியும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குன மாதிரியே கொண்டு போயிரும். தாளிக்கையில சன்னலையும் கூரைக் காத்தாடியையும் திறந்து விட்டா முடிஞ்சது. அந்த அலாரங்களுக்கும் காலாவதித் தேதி இருக்கு, முதுகுப்பக்கம் அச்சடிச்சிருக்கும். பார்த்தீகளா, இதுவும் பின்னாலதான்.

சாம்பாரு, எண்ணெய், கஞ்சி எல்லாத்தையும் சிங்க்குல ஊத்தாம, பாத்திரத்தைக் காகிதத்தால வழிச்சிட்டுக் கழுவுங்க. இல்லாட்டி ரெண்டாவது தொட்டி மூணாவதுக்கு அண்ணனாயிரும். அந்த ஃபிரிட்ஜு கேசுலயும் ஓடுற பழைய ரகம், வண்டி சாய்ஞ்சு நின்னா ஒழுங்காக் குளிராது. நிறுத்துனதும் மட்டம் பார்த்துக் கட்டை வையுங்க. ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் போனா 7,000 அடி உயரம், தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும், பருப்பு வேகாது. குக்கர் இருக்கிறதால பிழைச்சோம். குக்கரைப் பார்த்து அந்த ஜட்ஜு குண்டுன்னு பயந்துட்டாரு, அது தனிக்கதை.

உங்க கூட்டாளிக சொல்ற ஒரு கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல ஓட்டாதே, மத்தியானம் 3 மணிக்குள்ள இடம் சேரு, சேர்ந்த இடத்துல 3 ராத்திரியாவது இரு. நல்ல கணக்கு. அதை வாயால சொல்லிட்டு ஒரே நாள்ல 500 மைல் ஓட்டி, இருட்டுல வந்து, டார்ச் அடிச்சுக் குழாயைத் தேடுனா எப்படி? வேலைக்குப் போன காலத்துல முதலாளி விரட்டுனான், ஓடுனீக. இப்ப எவன் விரட்டுறான்? கிராண்ட் கேன்யன் உருவாக லட்சக்கணக்கான வருசம் ஆச்சு. நாளைக்குக் காலையில மூடிற மாட்டான்.

தேசியப் பூங்காவுல இந்த நாட்டுக் குடிமகனா இருந்தாலும், கிரீன் கார்டுக்காரனா இருந்தாலும், 62 வயசு ஆயிட்டா 80 டாலருக்கு ஆயுசுக்கும் ஒரு பாஸு தர்றாக. 2017 ஆகஸ்டு வரைக்கும் வெறும் 10 டாலராம். கூட வண்டியில வர்றவுகளையும் அதுலயே விடுறாக. நிறைய முகாம்ல தங்குற கூலியும் பாதிதான். எனக்கு உங்களைவிட வயசு கூட, ஆனா விசிட்டருக்குக் கிடையாது. அதனால உங்க பாஸுலதான் நானும் கேன்யனைப் பார்த்தேன், மருமகன் புண்ணியம். ஆனா அங்க பழைய முகாம் பலதும் கூடாரத்துக்கும் சின்ன வண்டிக்கும் 1930கள்ல போட்டது. உங்க 30 அடி பாம்பு எல்லா மரத்துக்கு நடுவுலயும் நெளியாது. முன்பதிவு பண்ணும்போதே நீளத்தைப் பாருங்க.

இந்தப் பொட்டல்ல நிக்கிற எல்லாரும் ஊர் சுத்திப் பார்க்க வந்தவுகன்னு நினைச்சிக்கிட்டு சிரிச்சுப் பேசுறீக. கவனமாப் பேசுங்க. நாலு வண்டி தள்ளி வேன்ல இருக்கிற அந்த அம்மா 2008ல வீடு போனவுக. வாடகை கட்டிக் கட்டுபடியாகல, வண்டியே வீடு. இவுகளைப் பத்தி ஜெசிகா புரூடர்னு ஒரு பத்திரிகைக்காரம்மா 2017ல புத்தகம் போட்டாக, 'நோமேட்லேண்ட்'னு பேரு. படமா எடுத்து ஆஸ்கரும் வாங்குச்சு. இந்த அம்மா கோடையில முகாம்ல காவலுக்கு இருந்து கக்கூஸ் கழுவுறாக, அதுக்குக் கூலி இடம் இலவசம். இலையுதிர் காலத்துல வடக்கு டகோட்டாவுல சர்க்கரை பீட்ரூட் அறுவடை, 12 மணி நேர வேலை. எழுபது வயசுல. நீங்க அவுகளைப் பார்த்து "என்ன சுதந்திரம்!"னு சொன்னீக. அவுக பதில் சொல்லாம காபி குடிச்சாக. நான் பார்த்தேன்.

இப்ப உங்க விலாசம். ஆளு அரிசோனாவுல, லைசென்சு சவுத் டகோட்டா, தபால் போறது வேற ஒரு பெட்டிக்கு. ரேஷன் கார்டுல பேரைச் சேர்க்க நான் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைக்குச் செருப்பு மூணு தேஞ்சது. இங்க சவுத் டகோட்டாவுல ஒரு ராத்திரி தங்குன ரசீதைக் காட்டினா லைசென்சே குடுத்துட்டான். அங்க மாநில வருமான வரி கிடையாது, டெக்சஸ்லயும் ஃபுளோரிடாவுலயும் கிடையாது. அதனாலதான் சக்கரத்து மேல குடியிருக்கிறவுக நிறையப் பேரு இந்த மூணுல ஒண்ணைப் பிடிச்சுக்கிறாக. நல்லது. ஆனா வரியை மட்டும் பார்த்துட்டு வைத்தியத்தைப் பார்க்க மறந்துட்டீக.

65 வயசானதும் மெடிகேர்ங்கிற சர்க்கார் வைத்தியக் காப்பீடு வந்துச்சா? அதுல ரெண்டு வழி. சர்க்கார் நேரா நடத்துற பழைய மெடிகேர்னா, அதை ஏத்துக்கிற எந்த டாக்டர்கிட்டயும் எந்த மாநிலத்துலயும் போகலாம். அட்வான்டேஜுன்னு தனியார் கம்பெனி மூலமா எடுக்கிறது பல்லு, கண்ணாடின்னு ஆசை காட்டும், மாசத் தவணை குறைச்சல். ஆனா அதுக்கு எல்லை உண்டு. அவசரத்துக்கு எங்கனாலும் பார்ப்பான். மத்ததுக்கு அவன் வட்டாரத்து டாக்டருதான். தொடர்ந்து 6 மாசம் வட்டாரத்துக்கு வெளிய இருந்தா சாதாரணமாப் பேரையே எடுத்துருவான். திரியிற ஆளுக்கு எது பொருந்தும்னு சொல்லணுமா? பழைய மெடிகேர்ல விட்டுப்போற செலவுக்கு மெடிகேப்னு துணைக் காப்பீடு இருக்கு. 65க்கு மேல மெடிகேரோட டாக்டர் செலவுப் பகுதியான பார்ட் பியில சேர்ந்த முதல் 6 மாசம் அதை வாங்கப் போனா சுகரு, பிரஷருன்னு கேட்டுத் தள்ள முடியாது. அந்த 6 மாசம் போச்சுன்னா பெரும்பாலான மாநிலத்துல உங்க உடம்பை நோண்டிப் பார்த்துட்டுத்தான் குடுப்பான். அந்தத் தேதி எங்க இருக்கு தெரியுமா? உங்களுக்குப் பின்னால ஓடிக்கிட்டிருக்கு. சீக்கிரம் திரும்பிப் பாருங்க.

பல்லுக்குப் பழைய மெடிகேர் தராது. அதுக்குத்தான் இங்க உள்ள கிழவன் கிழவி எல்லாம் யூமாவுக்குப் பக்கத்துல வண்டியை நிறுத்திட்டு, எல்லையை நடந்தே தாண்டி மெக்சிகோவுல லாஸ் அல்கோடோனஸ்ங்கிற ஊருக்குப் போறாக. சின்ன ஊரு, தெருவுக்குத் தெரு பல் டாக்டரு. பாஸ்போர்ட்டை மறந்துராதீங்க, பல்லைக் கட்டிட்டு அங்கயே நிக்க வேண்டியதாப் போகும்.

எந்த முகாமுக்குப் போனாலும் கொக்கியைக் கழத்துறதுக்கு முந்தி முகாம் பேரு, ரோடு பேரு, நம்ம இடத்து நம்பர் மூணையும் எழுதிக் கதவுல ஒட்டுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு 911க்குப் போன் போட்டா, எங்கருக்கீகன்னுதான் முதல்ல கேப்பான். "கள்ளிச்செடிக்குப் பக்கத்துல"ன்னு சொன்னா, அரிசோனாவுல எந்தக் கள்ளிச்செடி?

நிறுத்துற காலத்தையும் சேர்த்து யோசிங்க. டெக்சஸ்ல லிவிங்ஸ்டன்னு ஒரு ஊரு. எஸ்கேப்பீஸ்னு வண்டிக்காரங்க சங்கம், 1978ல ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன்னு ஒரு தம்பதி ஆரம்பிச்சது. தபாலை வாங்கி அனுப்புறாக, வண்டி ஓட்டப் பாடம் நடத்துறாக. அதெல்லாம் பெருசு இல்ல. வயசாகி, உடம்பு முடியாமப் போனவுக தங்களோட வண்டியிலயே இருந்துக்கிட்டு சாப்பாடும் ஒத்தாசையும் வாங்கிக்க அங்க ஒரு இடம் வச்சிருக்காக. வண்டியை ஓட்ட முடியாத நாள் வரும்னு ஒத்துக்கிட்டவன் கட்டுன இடம் அது. நீங்க அப்படி ஒரு நாள் வரவே வராதுங்கிற மாதிரி வீட்டை வித்துட்டு நிக்கிறீக. வித்தது வித்தாச்சு. இந்த வண்டி வீடு மாதிரி விலை ஏறாது, வாங்குன மறுநாளே இறங்க ஆரம்பிச்சிருச்சு. முழங்கால் உங்களை நிறுத்துறதுக்கு முந்தி நீங்களா நிறுத்துற வருசத்தை எம் மககிட்டயும் பேசி முடிவு பண்ணி வையுங்க.

அவளைப் பத்தித்தான் கடைசியாச் சொல்ல வந்தேன். ஒவ்வொரு முகாம்லயும் நீங்க வண்டியைப் பின்னால எடுக்கிறது மொத்த முகாமுக்கும் தெருக்கூத்து. நாற்காலியைத் தூக்கிட்டு வந்து உக்கார்றாக. எம் மக பின்னால நின்னு கையை ஆட்டுவா, நீங்க சன்னல் வழியா கத்துவீக, அவ இடதும்பா, உங்களுக்கு எந்த இடதுன்னு தெரியாது. ஸ்டியரிங்கை மேல பிடிக்காதீங்க, அடியில பிடிங்க. வால் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க, அது தானாப் போகும். கண்ணாடியில அவ தெரியலைன்னா அந்த நிமிசமே நிறுத்துங்க, அவ மேல ஏத்திருவீக. சந்தேகம்னா இறங்கிப் போய்ப் பாருங்க, கௌரவம் குறைஞ்சிறாது.

ஆனா அதுவும் போதாது. இத்தனை மாசமா ஸ்டியரிங் உங்க கையில, சமையலும் கையாட்டுறதும் அவ கையில. நாளைக்கு நடுப் பாலைவனத்துல உங்களுக்கு மயக்கம் வந்தா வண்டியை யாரு எடுக்க? நானா? எனக்கு லைசென்சு மாட்டுவண்டிக்கே கிடையாது. 26,000 பவுண்டுக்குள்ள இருக்கிற வண்டிக்குப் பெரும்பாலான மாநிலத்துல சாதாரண கார் லைசென்சே போதும், அது அவகிட்ட இருக்கு. கொக்கி மாட்டக் கத்துக் குடுங்க, கழத்தக் கத்துக் குடுங்க, மடையைத் திறக்கவும் கத்துக் குடுங்க. நாளைக்கு யூமாவுக்குக் கிளம்புறோம். 80 மைலு, நேர் ரோடு. சாவியை அவகிட்ட குடுத்துட்டு, பக்கத்து சீட்டுல உக்காந்து வாயைத் திறக்காம வாங்க மாப்பிள்ளை.